மாம்பழத்தை யார் மூக்கால் முகர்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்தால் போதும், பழம் வாங்குவோருக்கான யோசனைகள் எல்லாப் பத்திரிகைகளிலும் வரிசைகட்டி வந்துவிடும். அவற்றில் தவறாமல் இடம்பெறும் வரி ஒன்று உண்டு: "காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். மணம் வீசினால் மரத்திலேயே விளைந்து பழுத்தது. மணம் இல்லையென்றால் கல் வைத்துப் பழுக்கவைத்தது." முன்பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கல் என்பது கால்சியம் கார்பைடு. பின்பாதியை நம்பி நல்ல பழத்தைத் தள்ளிவிட்டு மோசமான பழத்தோடு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். ஒரே பழத்தை அடுத்தடுத்து முகரும் இருவரில் ஒருவர் "கமகமக்கிறது" என்பார், மற்றவர் "ஒன்றும் தெரியவில்லையே" என்பார். கடைக்காரர் இருவரையும் பார்த்துச் சிரிப்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

பழவாசனை ஒற்றைப் பொருளல்ல. எல்லா ரகங்களையும் சேர்த்தால் மாம்பழத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆவியாகும் பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் மூக்குக்கு எட்டும் அளவில் இருப்பவை கொஞ்சம்தான். மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே சற்று உள்ளே, மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு நரம்பணுவும், மணப்பொருளைப் பிடிக்கும் ஏற்பிகளில் ஒரே வகையைத்தான் தாங்கி நிற்கும். மனிதர்களிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறக்குறைய 400. இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த 400 வகைகளும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. எந்த இரண்டு பேரை எடுத்துக்கொண்டாலும், ஏற்பி மரபணுக்களின் வடிவங்களில் சுமார் 30 விழுக்காடு வேறுபட்டு வேலை செய்யும் என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே இந்த வித்தியாசம் வரலாம்.

மிகத் தெளிவாக நிறுவப்பட்ட உதாரணம் பீட்டா அயனோன். ஆரஞ்சு, மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டின் உடையும்போது பிறக்கும் பொருள் இது. ராஸ்பெர்ரி, ஆப்ரிகாட், தக்காளி, மாம்பழம் ஆகியவற்றில் உண்டு. வயலட் பூவின் வாசனை என்று வாசனைத் திரவியக்காரர்கள் சொல்வார்கள். இதை உணரும் திறன் ஓஆர்5ஏ1 என்ற ஒரே மரபணுவின் குறியீட்டில், ஒரே ஓர் எழுத்து மாறுவதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது என்று நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். உணரக்கூடியவருக்கும் உணராதவருக்கும் தேவைப்படும் அளவில் ஏறத்தாழ நூறு மடங்கு இடைவெளி. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து நல்ல வடிவம் வந்தாலே போதும், மூக்கு உணர்ந்துவிடும். இருவரிடமிருந்தும் மற்ற வடிவம் வந்தால் உணர்வு மங்கும். ஆகவே மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் தெரியாமல் போவது சாதாரணம்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொரு செய்தி உண்டு. பீட்டா அயனோனை உணராதவர்களுக்கு அந்த இடம் வெறுமையாக இருந்துவிடுவதில்லை. அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது உணர்பவர்கள் "பூ மணம், நறுமணம்" என்றார்கள். உணராதவர்கள் "புளிப்பு, காடி, காரமான நெடி" என்றார்கள். வேறு ஏதோ ஓர் ஏற்பி அரைகுறையாகப் பதில் சொல்கிறது என்று இதை வைத்துக்கொள்ளலாம். மொத்தத்தில், ஒரு பழத்தை ஒருவர் பூ மாதிரி மணக்கிறது என்றும் இன்னொருவர் புளிச்ச வாடை என்றும் சொன்னால், அது வாய்ச்சண்டைக்கு உரிய விஷயமே அல்ல.

காய்வாசத்திலும் இப்படித்தான். புல் வெட்டும்போது எழும் பச்சை நெடிக்கு முக்கியக் காரணம், லீஃப் ஆல்கஹால் என்று தொழிலில் அழைக்கப்படும் பொருள். பழுக்காத பழங்களில் இதுவும் இதன் உறவுப் பொருள்களும் தூக்கலாக இருக்கும். பழுக்கப் பழுக்க, பழவாசனை தரும் எஸ்டர்கள் என்ற சேர்மங்கள் மேலெழுந்து இவற்றை மூடிவிடும். ஓஆர்2ஜே3 என்ற மரபணுவின் சில வடிவங்கள் இருப்பவர்களுக்கு இந்தப் பச்சை நெடி சரியாக எட்டாது. "இன்னும் காய்வாசம் போகவில்லை" என்று வீட்டில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க, இவர்கள் அதே பழத்தைச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். இரண்டாமவர் அவசரக்காரர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

மரபணு மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. கொய்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மணத்தில் இரண்டு கந்தகச் சேர்மங்களுக்குப் பெரிய பங்கு: 3-சல்ஃபனைல்ஹெக்சனால், அதன் அசிட்டேட். லிட்டருக்குச் சில நானோகிராம் முதல் சில பத்து நானோகிராம் வரை இருந்தாலே மூக்கு பிடித்துவிடும் பொருள்கள் இவை. மெல்லியதாக வந்தால் வெப்பமண்டலப் பழவாசனை. அளவு கூடினால் பூனை மூத்திர வாடை. பொருளில் மாற்றமில்லை, செறிவுதான் கூடியிருக்கிறது. கந்தகச் சேர்மங்களைக் கூர்மையாக உணரும் மூக்கு உள்ளவர்களுக்கு அந்த எல்லைக்கோடு சீக்கிரமே வந்துவிடும். மற்றவர்களுக்கு அது வருவதற்குள் பழம் தீர்ந்துவிடும்.

இதற்கு வீட்டில் செய்யக்கூடியது இருக்கிறது. பழுத்த கொய்யாவை மூடிய கார், பூட்டிய அறை, ஃபிரிட்ஜ் போன்ற இடங்களில் கூட்டாக வைக்காதீர்கள்; மணம் வெளியேற வழியில்லாமல் செறிவு ஏறிக்கொண்டே போகும். காற்றோட்டமான கூடையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வைத்தால், "வாடை தாங்க முடியவில்லை" என்றவரே எடுத்துச் சாப்பிடுவார். விதைப்பகுதி நன்றாகக் குழைந்த பழத்தை அன்றே தீர்த்துவிடுவது நல்லது. நாள் கடந்தால் நொதித்த நெடியும் சேர்ந்துகொள்ளும்.

பலாவில் இருப்பது வேறு கதை. அதன் தித்திப்பான மணத்தின் முதுகெலும்பு ஐசோவலரேட் எஸ்டர்கள். பழம் கனிந்து தளரும்போது எஸ்டர் உடைந்தால் வெளிப்படுவது ஐசோவலரிக் அமிலம். வியர்த்த காலுறையிலும் பழைய பாலாடைக்கட்டியிலும் இருப்பது இதே அமிலம்தான். இதைச் சிலரால் மிகக் கூர்மையாக உணர முடிவதற்கும் ஓஆர்11எச்7பி என்ற மரபணுவுக்கும் தொடர்பு உண்டு என்று 2007இல் தெரியவந்தது. அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் நுழைந்ததும் "பலா அழுகிவிட்டதா?" என்று கேட்பார். நேற்றுதான் வெட்டியதாக இருக்கும். அவருடைய மூக்கு மற்றவர்களுடையதைவிட ஒரு நாள் முந்தி ஓடுகிறது, அவ்வளவுதான்.

அதே அமிலத்தோடு பியூட்ரிக் அமிலத்தைக் கலந்து 2001இல் ஒரு சோதனை வெளியானது. ரேச்சல் ஹெர்ஸ் என்ற உளவியலாளரும் ஜூலியா வான் கிளெஃப் என்பவரும் அந்தக் கலவையை ஒருமுறை "பார்மசான் சீஸ்" என்ற பெயரோடும் இன்னொருமுறை "வாந்தி" என்ற பெயரோடும் முகரக் கொடுத்தார்கள். புட்டிக்குள் இருந்தது ஒன்றேதான். பெயர் மாறியதும் பிடித்தது பிடிக்காமல் போனது. பலாச்சுளையைக் குழந்தையிடம் கொடுக்கும்போதே "நாறும், ஆனா நல்லா இருக்கும்" என்று சொல்லிக் கொடுக்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்கலாம்.

டுரியன் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சாரல் நாட்களில் குற்றாலத்திலும், நீலகிரி மலையடிவாரத்தில் பர்லியார் பக்கமும் அதைப் பார்த்திருப்பீர்கள். டுரியனின் மணத்தைப் பிரித்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவு சுவையானது. பழவாசனை தரும் எஸ்டர் ஒன்று, வறுத்த வெங்காய நெடி தரும் கந்தகச் சேர்மம் ஒன்று, இரண்டையும் பழத்திலுள்ள அதே அளவில் சேர்த்தாலே டுரியன் வாசனை பெருமளவு வந்துவிடுகிறது. இந்த இரண்டில் ஒன்று யாருக்கு மங்கலாக எட்டுகிறதோ அவருக்கு டுரியன் வேறு பழமாகிவிடும். எஸ்டர் எட்டாதவருக்கு வெறும் வெங்காயம். கந்தகம் குறைவாக எட்டுகிறவருக்குப் பழக்கூழ். சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில் டுரியன் கொண்டுவரக் கூடாது என்று பலகை வைத்திருப்பதும், அதே ஊரில் சீசனுக்குக் காத்திருந்து கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதும் இதனால்தான் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

அங்கே வாசனையின் பாதையும் சேர்ந்துகொள்கிறது. மூக்குத் துளை வழியாக உள்ளே போகும் மணம் ஒன்று. மென்று விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக ஏறி அதே சவ்வைத் தொடும் மணம் இன்னொன்று. இரண்டாவது பாதையில் நாக்கின் இனிப்பும் கூடவே வருவதால் மூளை அதைச் சுவையென்று எடுத்துக்கொள்கிறது. வெளியே நாறியது வாய்க்குள் போனதும் இனிமையாவதற்கு இது பெரிய காரணம். சோதித்துப் பார்ப்பது எளிது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு மாம்பழத்தை மெல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியும். அது மாம்பழமா பப்பாளியா என்று சொல்வதே கடினம். பிடியை விட்டு மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். அப்போது வருவதுதான் மாம்பழம்.

மூக்கின் அன்றாட நிலைமையும் உண்டு. இரண்டு துளைகளும் எப்போதும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை; சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் விரியும். காற்று வேகமாகப் போகும் துளையும் மெதுவாகப் போகும் துளையும் ஒரே கலவையில் வெவ்வேறு பொருள்களை நன்றாகப் பிடிக்கின்றன என்று 1999இலேயே காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே பழம் தேர்ந்தெடுக்கும்போது ஒரே இழுப்பில் முடிவுக்கு வராமல், ஒரு துளையை மூடி ஒருமுறை, மறு துளையை மூடி ஒருமுறை, குட்டிக் குட்டியாக முகர்ந்து பாருங்கள். மண்டிக்குள் நுழைந்து பத்து நிமிடம் ஆகிவிட்டால் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிவிடும். வெளியே வந்து சாதாரணக் காற்றைச் சில நிமிடம் சுவாசித்துவிட்டுத் திரும்பப் போவதே வழி. காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று வாசனைத் திரவியக் கடைகளில் சொல்வது வெறும் காற்றைவிட மேலான பலன் தரவில்லை.

வயது அறுபதைத் தாண்டினால் முகர்திறன் மெல்லக் குறையும். புகைபிடித்தல், மூக்கடைப்பு, சதை வளர்ச்சி எல்லாம் சேர்ந்து குறைக்கும். கொரோனாவுக்குப் பிறகு காப்பி, வெங்காயம், பூண்டு எல்லாம் அழுகல் நெடியாக மாறித் தெரிந்தவர்கள் நம்மிடையே உண்டு. இந்தத் திரிபு பழங்களையும் விட்டுவைப்பதில்லை. அவர்களுக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட பயிற்சி உதவக்கூடும்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் தனித்தனிப் புட்டியில் வைத்து, காலையும் இரவும் ஒவ்வொன்றையும் சுமார் பத்து விநாடி கவனத்தோடு முகர்வது, குறைந்தது பன்னிரண்டு வாரம். நீலகிரித் தைலம் என்று நம்மூரில் கிடைப்பது யூகலிப்டஸ்தான். பஞ்சில் இரண்டு சொட்டு போதும், மூக்குக்குள் விடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, இரத்தக் கசிவு, தலையில் அடிபட்ட பின் மணம் போவது என்றால் பயிற்சியில் நாள் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி கல் விஷயம். கால்சியம் கார்பைடு ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். அது, பழம் பழுப்பதற்காகத் தானே உண்டாக்கும் எத்திலீன் வாயுவைப் போல நடித்துத் தோலை மஞ்சளாக்கும். பூண்டு போன்ற நெடி வருவது சந்தைக் கார்பைடிலுள்ள பாஸ்பைடு கலப்பால் எழும் பாஸ்பீன் வாயுவினால். காற்றில் வைத்த சிறிது நேரத்தில் அது பறந்துவிடும். கடைக்கு வரும் பழத்தில் பெரும்பாலும் எஞ்சாது. கார்பைடு கொண்டு பழுக்கவைப்பது 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த அனுமதி உண்டு. முற்றிய காயை எத்திலீன் அறையில் முறையாகப் பழுக்கவைத்தால் அதற்கும் மணம் வரும். மரத்தில் பழுத்ததாகச் சொல்லப்படும் கிளிமூக்கு, பக்கத்தில் இருக்கும் இமாம் பசந்த் அளவுக்கு மணக்காது; அது ரகத்தின் குணம். ஆக, மணம் இல்லை என்பதற்குக் கார்பைடு ஒரு காரணமாக இருக்கலாம். பிஞ்சில் பறித்தது, ரகம், குளிர்ப்பெட்டி, வாங்குகிறவரின் மூக்கு எல்லாம் அதே வரிசையில் நிற்கின்றன.

பிஞ்சில் பறிப்பதுதான் உண்மையான வில்லன். எஸ்டர்களைச் செய்யத் தேவையான கொழுப்பு அமிலமும் மாவுச்சத்தும் காயில் சேரும் முன்பே பறித்துவிட்டால், எந்த வாயுவைக் காட்டினாலும் தோல்தான் நிறம் மாறும், உள்ளே மணம் பிறக்காது. முற்றிய காயை அடையாளம் காண மூக்கு வேண்டியதில்லை. காம்பைச் சுற்றித் தோள்பட்டை உப்பி, காம்பு சற்றுக் குழியில் அமர்ந்திருக்கும். வாளித் தண்ணீரில் போட்டால் முற்றிய மாங்காய் பெரும்பாலும் மூழ்கும், இளசு மிதக்கும். இதையே "மிதந்தால் கார்பைடு" என்று திரித்துப் பரப்புகிறார்கள். மிதப்பது முதிர்ச்சி போதாததைத்தான் காட்டும். கார்பைடைக் கண்டுபிடிக்கத் தண்ணீருக்குத் தெரியாது.

காம்புப் பக்கம் முகர்வதிலும் ஒரு சிக்கல். அங்கே வடிந்து காய்ந்த மாம்பாலில் டர்பீன்கள் என்ற மணப்பொருள்கள் நிறைய; அது காயிலும் மணக்கும். ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் காயவிட்டு முகருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை முகர்ந்து தீர்ப்பு சொல்லவே வேண்டாம். குளிரில் மணப்பொருள்கள் ஆவியாவது குறைவு. 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே பல நாள் கிடந்த மாங்காய்க்கு அவற்றை உண்டாக்கும் திறனே கெட்டுப்போகும். பழுத்த பிறகு குளிரவைத்ததாக இருந்தால் ஓரிரு மணி நேரம் வெளியே வைத்தால் மணம் திரும்பும்.

வீட்டிலோ, கொள்முதல் நிலையத்திலோ, பழக் கண்காட்சி நடுவர் குழுவிலோ "மணம் வித்தியாசமாக இருக்கிறது", "இல்லை" என்று வாக்குவாதம் வந்தால் மூன்று டம்ளர் சோதனை போதும். ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் தலா 50 கிராம் பழக்கூழ்: இரண்டில் ஒரே பழம், ஒன்றில் சந்தேகப் பழம். தட்டால் மூடிப் பத்து நிமிடம் அறை வெப்பத்தில் வையுங்கள். கூழின் நிறம் காட்டிக்கொடுக்கும், அதனால் முகர்பவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். டம்ளரை நிரப்பியவர் ஒருவர், வரிசையை மாற்றி நீட்டுகிறவர் வேறொருவர். எது எதுவென்று தெரிந்தவர் நீட்டினால் அவர் குரலே விடையைச் சொல்லிவிடும். தலையில் மல்லிகையோ கையில் சோப்பு வாசனையோ இருக்கக் கூடாது. அரை மணி நேரம் முன்பு வரை காப்பி, வெற்றிலை வேண்டாம். ஒவ்வொரு டம்ளருக்கும் இடையில் ஒரு நிமிடம் இடைவெளி. வேறுபட்டது எது என்று மட்டும் கேளுங்கள். நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள்.

இப்படி ஆறு சுற்று. குருட்டாம்போக்கில் சொன்னாலும் சராசரியாக இரண்டு சுற்று சரியாகிவிடும். நான்கு சரியென்றால்கூட அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு பத்தில் ஒன்று. ஐந்து சரியென்றால் அந்த மூக்கு உண்மையிலேயே வித்தியாசத்தைப் பிடிக்கிறது என்று கொள்ளலாம். தற்செயலாக நடக்க நூற்றில் இரண்டுக்கும் குறைவான வாய்ப்புதான். ஒருவர் ஐந்து எடுத்து மற்றவர் இரண்டோடு நின்றால், பழத்தில் வித்தியாசம் இருக்கிறது, இரண்டாமவருக்கு அது எட்டவில்லை. நடுவர் குழுவில் அத்தகைய இருவர் மட்டும் இருந்தால் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் பொருளில்லை. குறைந்தது ஐந்தாறு மூக்குகள் வேண்டும்.

எவ்வளவு மெல்லிய மணம்வரை ஒருவருக்கு எட்டுகிறது என்று பார்க்கவும் வழி உண்டு. கொய்யாக்கூழை வடிகட்டி 50 மில்லி எடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் 50 மில்லி சேருங்கள். அதில் பாதியை எடுத்து அதே அளவு தண்ணீர், மறுபடி பாதி என்று எட்டுப் படி இறங்குங்கள். குளோரின் நெடியுள்ள குழாய்த் தண்ணீர் ஆட்டத்தைக் கெடுக்கும். கடைசிப் படியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள்; உச்சச் செறிவில் தொடங்கினால் மூக்கு அப்போதே களைத்துவிடும். ஒவ்வொரு படியையும் இரண்டு டம்ளர் வெறும் தண்ணீரோடு சேர்த்து நீட்ட வேண்டும். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இரண்டு மூன்று படி இடைவெளி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஆகவே அடுத்த முறை மாம்பழக் குறிப்பு வெளியிடும்போது "மணம் இல்லையென்றால் கல் வைத்தது" என்ற வரியை எடுத்துவிட்டு, தோள்பட்டையையும் காம்புக் குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். பழுக்கவைக்கும் இடத்தில் கார்பைடு பொட்டலம் கிடப்பதைக் கண்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் செய்யச் சொல்லுங்கள். முகர்ந்து பார்ப்பதையும் விட வேண்டாம். கூட வந்தவரிடமும் ஒருமுறை நீட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உணவு மணம், சுவைப் பரிசோதனைப் பணியில் இருக்கும் வாசகர்,
பெரியகுளம்.